சமீபத்தில் என்ன படம் பார்த்தீங்க? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்க்கிற படங்களை ஒரு நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அது தெரிந்தவர்கள் எங்கே பார்த்தாலும் ஏதாவது கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், என் பதிலும் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நான் விமர்சகன் இல்லை. வேலை முடிந்து வந்து படம் பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

பார்த்ததையெல்லாம் எதற்கு எழுதிவைக்க வேண்டும்? பிடித்த படம் தானாக நினைவில் நிற்காதா?

நிற்கும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ‘12 ஆங்ரி மென்’ படத்தை இரண்டாவது முறை பார்க்கும்வரை. 1957இல் சிட்னி லூமெட் எடுத்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையனின் தலையெழுத்தை முடிவுசெய்யப் பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து வாதாடுவதுதான் ஏறக்குறைய முழுப் படமும். கொலை நடந்த நேரத்தில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறான் பையன். ஆனால் என்ன படம், யார் நடித்தது என்று போலீஸ் கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. பார்த்தவனுக்குப் பெயர்கூடவா மறக்கும் என்று நம்ப மறுக்கிறார் கண்ணாடி போட்ட ஒரு ஜூரி. புழுக்கத்தில் மற்றவர்கள் நனைந்துபோயிருக்க, எனக்கு வியர்ப்பதே இல்லை என்று சொல்லிக்கொள்கிற மனிதர்.

அவரிடம், இன்னொரு ஜூரியாக நடித்த ஹென்றி ஃபோண்டா பொறுமையாக ஆரம்பிப்பார். நேற்று ராத்திரி என்ன செய்தீர்கள்? அதற்கு முந்தின நாள்? அதற்கும் முந்தின நாள்? பார்த்தால், அவரும் அந்த வாரம் சினிமாவுக்குப் போயிருக்கிறார். முதல் படத்தின் பெயர் சட்டென்று வருகிறது. இரண்டாவதன் பெயரைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடுகிறார், இன்னொரு ஜூரி திருத்துகிறார். யார் நடித்தது? இழுக்கிறார். நெற்றியில் வியர்வை. துடைத்துக்கொள்கிறார்.

அன்றைக்கு எனக்கு நானே அந்தக் குறுக்கு விசாரணையை நடத்திப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் பார்த்த மூன்று படங்களில் ஒன்றின் பெயர் கடைசிவரை வரவில்லை. மறுநாள் நோட்டு வந்துவிட்டது.

நோட்டில் என்ன எழுதுவீர்கள்? கதைச் சுருக்கமா?

கதை எங்கே தேடினாலும் கிடைக்கும், அதை நான் வேறு எழுத வேண்டாம். தேதி, படத்தின் பெயர், வெளிவந்த வருடம், எந்த நிலையில் பார்த்தேன் என்ற ஒரு வரி. தலைவலியோடு பார்த்தேன் என்பது முக்கியமான தகவல், படத்தைத் திட்டுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் படத்திலிருந்து ஒரே ஒரு கணம். ‘நல்லா இருந்தது’ என்று எழுத மாட்டேன். ஆறு மாதம் கழித்துப் படித்தால் அந்த வார்த்தையிலிருந்து ஒன்றுமே திரும்பி வராது.

உதாரணத்துக்கு, விட்டோரியோ டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948). தொலைந்த சைக்கிளைத் தேடி அப்பனும் மகனும் நகரமெல்லாம் அலைகிறார்கள். அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: ‘பையன் சாலையைக் கடக்கிறான். ஒரு கார் இடிக்கப் பார்க்கிறது, உடனே இன்னொன்று. அப்பா முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார். திரும்பிப் பார்க்கவே இல்லை.’ இரண்டு நிமிடம்கூட வராத இடம். யாரும் பேசுவதில்லை, இசை அழுத்திக் காட்டுவதும் இல்லை. ஆனால் அந்தச் சைக்கிள் அந்த மனுஷனை என்ன செய்துவைத்திருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் வசனம் எதற்கு? இதைப் படித்தால் படம் முழுக்க எனக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

சரி, சமீபத்தில் பார்த்ததில் எது பிடித்தது?

வரிசைப்படுத்தாமல் சொல்கிறேன்.

விம் வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ (2023). டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிறவரின் நாட்கள். எழுந்திருக்கிறார், வேலைக்குப் போகிறார், கேசட்டில் பாட்டுக் கேட்கிறார், மரத்தை அண்ணாந்து பார்க்கிறார், தூங்குகிறார். மறுநாளும் அதேதான். முதல் இருபது நிமிடம் எனக்கும் கை ரிமோட்டுக்குப் போனது. பிறகு ஓர் இடத்தில் அவர் சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து, யார் கண்ணுக்கும் படாத அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். அதிலிருந்து நான் ரிமோட்டைத் தொடவில்லை. கழிப்பறைச் சுவரிடுக்கில் யாரோ மடித்துச் செருகிய தாளில் பூஜ்யமும் பெருக்கலும் போடும் ஆட்டம் பாதியில் இருக்கும். இவர் ஒரு குறி போட்டுத் திரும்பச் செருகிவிட்டுப் போவார். முகமே தெரியாத ஆளோடு நாள் கணக்கில் ஆட்டம் நடக்கும். அவராக நடித்த கோஜி யாகுஷோவுக்கு இந்தப் படத்துக்காகக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். மொத்தமாக அவர் பேசும் வசனத்தை இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம் போலிருக்கும்.

‘ஃப்ளோ’ (2024). லாட்வியாவிலிருந்து வந்த அனிமேஷன். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட பூனை வேறு சில பிராணிகளோடு ஒரு படகில் போகிறது. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மிருகங்கள் ஜோக் அடிப்பதும் இல்லை, அதற்கே தனியாக நன்றி சொல்லலாம். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்து, 2025இல் சிறந்த அனிமேஷனுக்கான ஆஸ்கரை வாங்கியது. வீட்டில் சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்க, மொழிப் பிரச்சினையே இல்லாத படம்.

பழையதில், வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம். அதைவிட எனக்கு ஆச்சரியம், சிவாஜி கணேசனைப் படம் தொடங்கிய உடனேயே சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். மிச்சப் படமெல்லாம், இவர் சொல்லும் கதையில் ஒரு சிவாஜி, அவர் சொல்லும் கதையில் இன்னொரு சிவாஜி. யார் சுட்டது என்பதைச் சொல்ல மாட்டேன், எழுபது வருடம் ஆனாலும்.

பிடிக்காதது?

‘ஓப்பன்ஹைமர்’ (2023) மூன்று மணி நேரம். இரண்டாவது மணி நேரத்தில் வரும் அணுகுண்டு வெடிப்புச் சோதனையில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வரும் விசாரணைக் காட்சிகள் எனக்கு இழுவை. படத்தின் உயிரே அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் என்று அடித்துச் சொல்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் அசதியாக இருந்தேன் என்று நோட்டில் எழுதியிருக்கிறது, அதனால் வழக்கை இன்னும் மூடவில்லை.

பழைய படம் என்றாலே ஜவ்வு மாதிரி இழுக்குமே?

நீளத்தைச் சொல்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ‘ரஷோமோன்’ (1950) 88 நிமிடம். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ 89. ‘12 ஆங்ரி மென்’ 96. போன வருடங்களில் வந்த ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்’ 206 நிமிடம். அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) 207 நிமிடம் என்று பதிலுக்கு மடக்குவீர்கள், தெரியும். ஆனால் அதைப் பாதியில் அணைத்தவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

வேகத்தைச் சொல்கிறீர்கள் என்றால், ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். பழைய படங்களில் ஒரு காட்சியை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை (1953) முதலில் பார்த்தபோது நான் தூங்கிவிட்டேன். வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கடலோர விடுதி ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே ராத்திரியெல்லாம் இளைஞர் கூட்டத்தின் இரைச்சல். மறுநாள் காலையில் கிழவனும் கிழவியும் கடல் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். போகலாமா என்று எழுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு கணம் தலை சுற்றுகிறது. ஒன்றுமில்லை, சரியாகத் தூங்கவில்லை என்கிறாள். நடந்துபோகிறார்கள்.

இரண்டாவது முறை பார்த்தபோது, அந்த எழுந்திருக்கும் இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதல் தடவையும் அதே காட்சி ஓடத்தான் செய்திருக்கும். நடுவில் எனக்குத்தான் பதினோரு வயது கூடியிருந்தது.

முதல்முதலாகப் பழைய படம் பார்க்கப்போகிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

‘12 ஆங்ரி மென்.’ யோசிக்கவே வேண்டாம். பார்க்கும்போது கூரையைக் கவனியுங்கள். தொடக்கத்தில் கேமரா ஆட்களின் கண்மட்டத்துக்கு மேலேயிருந்து பார்க்கும். போகப்போகக் கண்மட்டத்துக்கு இறங்கி, கடைசியில் அதற்கும் கீழே போய்விடும். அதனால் முடிவு நெருங்கும்போது தலைக்கு மேல் கூரை தெரிய ஆரம்பிக்கும். லென்ஸும் போகப்போக நீளமானதாக மாறும், சுவர் முதுகோடு ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும். அறை சுருங்குவது ஏன் என்று தெரியாமலே நமக்குப் புழுங்கும். லூமெட் இதைத் திட்டம் போட்டுச் செய்ததாகத் தானே எழுதியிருக்கிறார். இதுதான் அவருடைய முதல் சினிமா என்பதை நினைத்தால் பொறாமையாக இருக்கும்.

ஓடாத அந்தச் சுவர் விசிறி வேறு. அதற்கும் படத்தில் ஒரு கதை இருக்கிறது.

கறுப்பு வெள்ளை என்றால் என் வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள்.

‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ (2023) படத்தைப் போடுங்கள். காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கர் வாங்கிய புதுப் படம். அதையே அவர்கள் கறுப்பு வெள்ளையாக மாற்றி இன்னொரு வடிவம் வெளியிட்டார்கள். இரண்டையும் பத்துப் பத்து நிமிடம் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்தது. உங்கள் வீட்டுக்கு நான் பொறுப்பில்லை.

ஊமைப் படங்களில் எல்லோரும் ஏன் குடுகுடுவென்று ஓடுகிறார்கள்? அந்தக் காலத்தில் அப்படித்தான் நடித்தார்களா?

இல்லை, ஓட்டுகிற வேகம்தான் தப்பு. அப்போது கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது சட்டகம் (ஃபிரேம்) என்று ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். பேசும் படம் வந்தபோது ஒலி பிசகாமல் இருக்க 24 என்று நிலைப்படுத்திவிட்டார்கள். பதினெட்டில் எடுத்ததை இருபத்து நான்கில் ஓட்டினால் சாவு வீட்டிலும் ஆட்கள் குதித்துக்கொண்டுதான் போவார்கள். சரியான வேகத்தில் சீரமைத்த பிரதியைத் தேடிப் பார்த்தால் அதே நடிகர்கள் மனிதர்களாகிவிடுவார்கள். வேண்டுமென்றே வேகம் கூட்டிய நகைச்சுவைக் காட்சிகளும் உண்டு, அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

என் டிவியில் எந்தப் படமும் சீரியல் மாதிரியே தெரிகிறது. படத்தில் கோளாறா, என் கண்ணிலா?

டிவி செட்டிங்கில். இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதியிருக்கலாம்.

புது டிவிகளில், 24 சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகங்களை டிவியே கற்பனை செய்து சொருகும் வசதி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் மோஷன் ஸ்மூத்திங் என்பார்கள், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். விளையாட்டுப் போட்டிக்கு நன்றாக இருக்கும். சினிமாவில் அதைப் போட்டால், கோடி கோடியாகக் கொட்டி எடுத்த காட்சி பக்கத்து அறையில் வீடியோ எடுத்ததுபோல் வழுவழுவென்று ஆகிவிடும். பெரும்பாலான டிவிகளில் கடையிலிருந்து வரும்போதே அது ஆனில்தான் இருக்கும். 2018இல் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோஃபர் மெக்குவாரியும் தயவுசெய்து அதை அணையுங்கள் என்று கேட்டு வீடியோவே வெளியிட்டார்கள். ‘பிக்சர்’ செட்டிங்கில் போய் அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

அங்கே இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதென்று ‘ஜூம்’ போட்டுவைத்திருப்போம். அகலத்திரைப் படம் என்றால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். ஓரத்தில் நிற்கிற ஆள் பேசுவார், குரல் மட்டும் வரும்.

பேச்சு கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது. இதற்கு?

ஆறு ஸ்பீக்கருக்குக் கலந்த ஒலியை டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கர் வழியாகக் கேட்கிறீர்கள். நடு ஸ்பீக்கருக்காக வைத்த வசனம் மற்ற சத்தங்களோடு நசுங்கிவிடுகிறது. ஒலி செட்டிங்கில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள், ‘நைட் மோட்’ இருந்தால் போடுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் நம் மொழிப் படத்துக்கும் சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை. நான் போடுகிறேன்.

சப்டைட்டிலா, டப்பிங்கா?

சப்டைட்டில். குரலும் நடிப்பில் பாதி. ஆனால் சப்டைட்டிலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாங் ஜூன்-ஹோவின் ‘பாராசைட்’ (2019) படத்தில் தங்கை போலிச் சான்றிதழ் தயாரித்துக் கொடுப்பாள். அவளுடைய திறமையைப் பார்த்து அசந்துபோய், இதற்கென்று ஏதாவது துறை இருக்கிறதா என்று அப்பா ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பார். கொரிய மொழியில் அவர் சொல்வது சோல் தேசியப் பல்கலைக்கழகம். ஆங்கில சப்டைட்டிலில் அது ஆக்ஸ்ஃபோர்டு ஆகிவிட்டது, வெளியூர்க்காரர்களுக்கும் சட்டென்று சிரிப்பு வரட்டும் என்று. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் சிரித்தது மொழிபெயர்ப்பாளரின் ஜோக்குக்கு.

கண் பார்வை மங்கியவர்களோடும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளோடும் பார்க்கும்போது டப்பிங்தான். அங்கே கொள்கை பேசக் கூடாது.

ஏன் மார்க் போடுவதில்லை? அஞ்சுக்கு எத்தனை என்று சொன்னால் முடிந்ததே?

போட்டுப் பார்த்தேன். முதல் ஆண்டு நோட்டில் முக்கால்வாசிப் படங்களுக்கு மூன்றரை. அதில் எது என்ன படம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சதவீதத்திலும் ஒரு குழப்பம் உண்டு. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 95 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மார்க் என்று நினைத்துக்கொள்கிறோம். அது மார்க் இல்லை. நூறு விமர்சகர்களில் தொண்ணூற்றைந்து பேர் ‘பரவாயில்லை’ அல்லது அதற்கு மேல் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். எல்லோரும் ‘ஒருதடவை பார்க்கலாம்’ என்று சொன்ன படம் நூறு வாங்கிவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் காறித் துப்பிய படம் ஐம்பதில் நிற்கும். எனக்கு வாழ்நாளெல்லாம் நினைவிருக்கும் படங்கள் அந்த இரண்டாவது கூட்டத்தில்தான் அதிகம் இருக்கின்றன.

எல்லோரும் ஆகா ஓகோ என்கிற படம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம்தான் குறையா?

முதலில், எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘பிளேடு ரன்னர்’ எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். நான் பார்த்தது 1982இல் வெளியான வடிவம். நடப்பதையெல்லாம் ஹாரிசன் ஃபோர்டு தூக்கக் கலக்கக் குரலில் பின்னணியிலிருந்து விளக்கிக்கொண்டே இருப்பார். 1992 வடிவத்தில் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள், முடிவையும் மாற்றினார்கள். 2007இல் ‘ஃபைனல் கட்’. நண்பர் அதைப் போட்டுக் காட்டியபோது, இது நான் திட்டிய படமே இல்லை என்று தோன்றியது. வெளியான காலத்தில் ஜனங்களும் என்னைப்போலத்தான், படம் சரியாக ஓடவில்லை.

சரியான வடிவத்தைப் பார்த்தும் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எந்த இடத்தில் விட்டுப்போனது என்று மட்டும் சொல்லுங்கள். ‘மொக்கை’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் படமே போச்சா?

2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள் சராசரியாகக் கதையைக் கூடுதலாகவே ரசித்தார்களாம். இதைச் சாக்காக வைத்து யாரும் என்னிடம் கிளைமாக்ஸைச் சொல்ல வேண்டாம். சிறுகதை வேறு, இருட்டில் உட்கார்ந்திருப்பது வேறு. ‘சைக்கோ’ (1960) வந்தபோது படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் கட்டளையே போட்டிருந்தார். நான் அவர் கட்சி. இரண்டாம் முறை பார்க்கும்போது எல்லாருக்கும் முடிவு தெரிந்துதானே இருக்கும், முதல் முறையாவது தெரியாமல் இருக்கட்டுமே.

பாதியில் நிறுத்துவீர்களா?

நிறுத்துவேன். எந்த நிமிடத்தில் என்று குறித்துவைப்பேன். சிலவற்றுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன்.

அந்தக் காலத்துப் படம் மாதிரி இப்போது வருவதில்லை என்பது உண்மைதானே?

அந்தக் காலத்துக் குப்பைகளை நாம் யாரும் தேடிப் பார்ப்பதில்லை, அதனால் அப்படித் தோன்றுகிறது. காலம் சலித்துக் கொடுத்ததை மட்டும் பார்க்கிறோம். இந்த வருடத்துப் படங்களைச் சல்லடை இல்லாமல் அப்படியே வாங்கிக்கொள்கிறோம்.

அந்தச் சல்லடையும் நியாயமானது என்று சொல்ல முடியாது. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ 1927இல் வெளியானதும் வெட்டிக் குறைக்கப்பட்டு, வெட்டிய பகுதி தொலைந்தே போய்விட்டது. 2008இல் பியூனஸ் ஐரஸில் ஒரு அருங்காட்சியகத்தில் கீறல் விழுந்த 16 மில்லிமீட்டர் பிரதி அகப்பட்டபோதுதான் ஏறக்குறைய முழுப் படமும் திரும்ப வந்தது. புதிதாகச் சேர்ந்த காட்சிகளில் அந்தக் கீறல்கள் இன்னும் மழைபோலக் கொட்டும். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) மூல நெகடிவ் 1993இல் லண்டனில் ஒரு தீ விபத்தில் கருகியது. மிஞ்சியதைக் காப்பாற்றிச் சேர்த்து 2015இல் சீரமைத்த பிரதியைக் கொண்டுவந்தார்கள். நான் பார்த்தது அதைத்தான். ரயில் வரும் காட்சிக்கு முன் அந்த நாணல்பூக்கள் வெள்ளைவெளேரென்று ஆடும். கொஞ்சம் விட்டிருந்தால் அதுவும் சாம்பலாகியிருக்கும் என்ற நினைப்போடு பார்த்ததாலோ என்னவோ, கதையைவிட்டுப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயர் வராத மூன்றாவது படம் கடைசியில் என்ன ஆயிற்று?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இன்னும் வரவில்லை. ஒரு பெண் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருப்பாள், கீழே டெலிஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும், அவள் எழுந்திருக்க மாட்டாள். கறுப்பு வெள்ளைதான் என்று நினைக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.